கை படாத டிக்கெட்

ஜூன் 2, செவ்வாய்

இன்று மானூரில் ஏறிய ஓர் அம்மாள் என் கையிலிருந்து டிக்கெட்டை வாங்கவில்லை. "அங்கன சீட்டுல வச்சிருங்கய்யா" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டார். வைத்தேன். ஜன்னல் காற்றுக்கு அது பறந்து முன்சீட்டுக்காரர் மடியில் போய் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்ததும் அந்த அம்மாள் சந்தோஷமாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலி சங்கரன்கோவில் தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் பதினோரு வருடமாக நான் கண்டக்டர். சில்லறைக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஸ்டாப்பில் நிறுத்தாததற்காக என் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் அடுத்த ஊர் வருவதற்குள் மறந்துபோகும். இது வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகும் மறக்கவில்லை. டயர் கடைக்காரர் தந்த டயரி ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சங்கதி இதுதான். பங்குனி மாதத்திலிருந்து வலது கை விரல்களின் ஓரமெல்லாம் தோல் வெடித்துச் செதில் செதிலாக உரிகிறது. இடது கையில் முழங்கைக்கு உள்பக்கம் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி, நீர் வடிகிறது. அக்குளிலும் கொஞ்சம் இருக்கிறது. சொறியும்போது சொர்க்கமாக இருக்கிறது. சொறிந்து முடித்ததும் ஏன் சொறிந்தோம் என்று அழுகை வருகிறது.

ஜூன் 5, வெள்ளி

வீட்டில் பிரம்மசக்தி கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டாள். அத்தனையும் சொறியைக் கிளப்புகிற கரப்பான் பண்டமாம். என் வீட்டுக்காரி திருச்செந்தூர்க்காரி. கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. "எனக்குத்தான சொறி, நீ எதுக்கு விடணும்?" என்று கேட்டேன்.

"ஒரே வீட்டுல நீங்க பத்தியம் இருப்பிய, நான் கருவாட்டக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பனாக்கும்" என்றாள். பூண்டு ரசத்தை என் தட்டில் ஊற்றிவிட்டுத் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

மகள் சங்கரிக்கு இனி பிரம்மசக்தியே தலைசீவி விடட்டும் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து நான்தான் சடை பின்னி விடுவேன். இப்போதெல்லாம் காலையில் எனக்கு நேரம் போதவில்லை. ராத்திரியும் பிள்ளை அம்மாவோடு உள்ளறையிலேயே படுக்கட்டும். அங்கேதான் காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது.

ஜூன் 9, செவ்வாய்

மருந்துக் கடையில் ஒரு டியூப் தந்தார்கள். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. முருகன் இருக்கிறான்.

ஜூன் 16, செவ்வாய்

டியூப் தீர்ந்தது. அரிப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருக்கிறது. முருகனைப் பற்றி இன்று ஒன்றும் எழுதுவதாக இல்லை.

ஜூன் 17, புதன்

இன்று ஒரு நல்ல உபாயம் கிடைத்தது. எங்கள் தொழிலில் தோல் பையைத் தோளில் மாட்டி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வோம். அடியை முன்கையால் தாங்கிப் பிடித்தால்தான் நெரிசலில் சில்லறை சிந்தாது. வலது கை பைக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். இன்று பையின் வாரைக் கொஞ்சம் இறக்கி, பையை முழங்கைக்குக் கீழே இழுத்து, அணைத்துப் பிடித்துப் பார்த்தேன். புண் இருக்கும் இடம் முழுக்க மறைந்துவிட்டது. அரைக்கைக் காக்கிச் சட்டை போட்டவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சங்கரன்கோவில் போய்த் திரும்பும்வரை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் வண்டி டிரைவர் வேலாயுதம் அதிகம் பேசமாட்டார். இத்தனை வருடத்தில் அவர் பேசியதைவிட அவருடைய ஹாரன் பேசியது அதிகம். அவரே இன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னவே, பச்சப் பிள்ளைய இடுக்குன மாரி நிக்கீரு?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். விரல்கள் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. ரப்பர் உறை மாட்டிப் பார்த்தேன், டிக்கெட் கிழிக்க வரவில்லை.

ஜூன் 24, புதன்

சங்கரன்கோவிலுக்கு எங்கள் வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேர் உடம்பில் ஏதாவது ஒன்றுக்காக வருகிறவர்கள். தேமலுக்கும் சொறிக்கும் அம்பாளிடம் வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் கொண்டுவருவார்கள், போகும்போது புற்றுமண் வாங்கிப் போவார்கள். இன்று அப்படி வந்த, என் பெயர் தெரிந்த ஒரு பெரியவர் என் விரலைப் பார்த்துவிட்டார்.

"கோமதிநாயகம்னு அம்பாள் பேர வச்சிருக்கிய. தெனமும் அவ வாசல்ல வந்து எறங்குதிய. ஒங்களுக்கே இப்படின்னா நாங்க எங்க போவ?" என்றார். பாவம், அவருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

வண்டி நிற்கும் இடைவெளியில் நானும் ஓடிப்போய்க் கும்பிட்டேன். புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். காய்கிறவரை குளுகுளுவென்று இருந்தது. அந்த நேரத்துக்கு அம்பாளுக்கு நன்றி.

ஜூலை 2, வியாழன்

ஐந்து நாள் லீவு. மச்சினன் மகளுக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து. தினமும் கடலில் முங்கி, கோயிலின் நாழிக்கிணற்றுத் தண்ணீரில் குளித்தேன். நம்பினால் நம்புங்கள், அரிப்பு முக்கால்வாசி போய்விட்டது. முழங்கையில் புதுத்தோல் படருகிறது. பந்தியில் மச்சினன் கத்திரிக்காய்க் கூட்டை என் இலையில் வைத்துவிட்டான், அதுகூட ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் அந்தத் தண்ணீரின் மகிமை. ஒரு கேன் நிறையப் பிடித்து வைத்திருக்கிறேன். முருகா, முன்பு எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜூலை 7, செவ்வாய்

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே எல்லாம் பழையபடி. நாழிக்கிணற்றுத் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். கேனில் அடைத்ததால் சக்தி குறைந்துவிட்டதோ என்னவோ. சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நெருங்குவதால் கூட்டம் வேறு அதிகம். பையை இன்னும் நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

ஜூலை 8, புதன்

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கோமதிநாயகம், ஒம்ம மேல ஒரு குத்தமும் கெடையாது. ஆனா ரெண்டு மூணு பேரு வந்து சொல்லிட்டாவ. கை அப்படி இருக்கு, காச வாங்கக் கூசுதுங்காவ. ஆடி முடியுத வரைக்கும் பாப்போம். சரியாவலன்னா நீரு ஷெட்டுல டயரு, டீசலப் பாத்துக்கிட்டு இரும். வண்டிக்கு வேற ஆளப் போட்டுக்கிடுதேன்."

நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "தோலுக்குன்னு தனியா டாக்டர் இருக்காவவே, பெரியாஸ்பத்திரியில. நாளைக்கு வண்டி சர்வீஸுக்கு நிக்கி. நானும் வாரேன்" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வண்டியை விட்டு இறங்கினால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எந்த ஊரில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும், எந்தப் பாட்டிக்குப் படி ஏறக் கை கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. கை கொடுத்தால் இப்போது அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 9, வியாழன்

டாக்டர் பெயர் ஜெசிந்தா. என்னைவிட வயதில் சின்னவர். என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏன் இழுக்கிறீங்க? இது தொத்தாது."

"தொத்தாதாம்மா?"

"தொத்தவே தொத்தாது. ஒரே பாய், ஒரே தட்டு, எதுலயும் வராது. இது ஒவ்வாமை. ஏதோ ஒரு பொருள் உங்க தோலுக்கு ஆகல, அவ்வளவுதான்."

எங்கள் வண்டியில் ஒரு நடை ஏறி இதைச் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது.

"சாப்பாட்டால வந்தா இப்படி இடம் பார்த்து வராது. வலது கையில விரல் ஓரம், இடது கையில முழங்கை உள்பக்கம், அக்குள். என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார். கண்டக்டர் என்றேன். "எங்கே, டிக்கெட் கொடுத்துக் காட்டுங்க."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மேசையில் கிடந்த அட்டைக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மானூர், மானூர், தேவர்குளம், முன்னால ஏறிப் போங்க, சில்லறையா எடுத்து வைங்க" என்று வழக்கம்போல நாலு அடி நடந்தேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்ற வேலாயுதம் ஆளே இல்லாத பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் இடது முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவு போட்டா எப்படி இருக்கு?"

"திருச்செந்தூர்ல அஞ்சு நாளு இருந்தோம்மா. நல்லா ஆறிட்டு. நாழிக்கிணத்துத் தண்ணிதான்."

"உங்க பையும் கூட வந்துதா?"

"பை எதுக்கும்மா காதுகுத்துக்கு வருது? அது ஷெட்டுல கெடந்துது."

அதையும் எழுதிக்கொண்டார். பையைப் பற்றி இவ்வளவு ஏன் விசாரிக்கிறார் என்று புரியவில்லை. தோலா, துணியா, எத்தனை வருடமாக வைத்திருக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். இருபதாம் தேதி பையோடு வரச் சொன்னார். முதுகில் சில மருந்துகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிப் பார்ப்பார்களாம். எது சிவக்கிறதோ அதுதான் ஆகாத பொருள். "சோதிச்சுப் பார்க்காம நான் சொல்ல மாட்டேன். அதுவரை கைக்கும் பைக்கும் நடுவுல ஒரு துண்டு இருக்கட்டும்" என்றார். புண்ணின் நீர் பையில் பட்டு நாறிவிடக் கூடாது என்பதற்காக இருக்கும்.

முன்னறையிலும் காற்று ஒன்றும் மோசமில்லை என்று இன்று கண்டுபிடித்தேன். சங்கரியின் பாயை இங்கே போடச் சொல்லிவிட்டேன். அவள் இப்போது என் பக்கத்தில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். டாக்டர் ஜெசிந்தா நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூலை 13, திங்கள்

காலையில் சடை பின்னினேன். நேரம் இருந்தது.

துண்டு கூட்டத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நழுவி நழுவி மிதிபடுகிறது. விட்டுவிட்டேன்.

ஜூலை 20, திங்கள்

முதுகில் தபால்தலை ஒட்டின மாதிரி வரிசையாக ஒட்டிவிட்டார்கள். அதற்கு முன் டாக்டர் என் பையை வாங்கி, அடிப்பக்கத்தில் நகத்தளவு ஒரு துண்டு வெட்டி எடுத்தார். வருடா வருடம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்த பை. என்னைக் கிள்ளினால்கூட அப்படி வலித்திருக்காது. அந்தத் துண்டையும் முதுகில் சேர்த்து ஒட்டினார்கள்.

ஒட்டியது புதன்கிழமை வரை அப்படியே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்க்கும்வரை முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. வேர்க்கிற வேலை கூடாது என்பதால் இந்த வாரம் முழுக்க லீவு. "நனைஞ்சா எல்லாம் வீண். மறுபடி மருந்து வரவழைச்சு ஒட்ட மூணு நாலு மாசம் ஆயிடும்" என்றார் டாக்டர். மூன்று மாதத்தில் ஆடியெல்லாம் முடிந்து நான் ஷெட்டில் டயர் உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 21, செவ்வாய்

விடிந்ததும் செய்தி வந்தது. வேலாயுதத்தின் அய்யா காலமாகிவிட்டார். சுத்தமல்லியில் வீடு. மத்தியானம் எடுக்கிறார்கள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். துஷ்டி வீட்டுக்குப் போனால் குளிக்காமல் திரும்ப முடியாது. குளித்தால் முதுகில் இருப்பது போய்விடும். போகாமல் இருந்தால், பதினோரு வருடமாக என் உயிரைத் தினமும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மனிதனின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது.

பிரம்மசக்திக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. இன்று ஆடிச் செவ்வாய். இரவு எங்கள் வீட்டில் வைத்துப் பெண்கள் நோன்பு கும்பிடுவதாகப் பேச்சு. கொழுக்கட்டைக்கு மாவுகூட இடித்துவிட்டாள். துஷ்டிக்குப் போய்க் குளிக்காமல் வந்தவன் இருக்கிற வீட்டில் தெருப் பெண்கள் எப்படி நோன்பு கும்பிடுவார்கள். அவள் மாவுப் பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

"குளிக்காம வந்தா?"

"வந்தா வந்துட்டுப் போங்க. நோன்ப எதுத்தாப்புல இசக்கி வீட்டுல வச்சிக்கிடச் சொல்லுதேன். எனக்கு அடுத்த செவ்வாய் கெடக்கு. அந்த அண்ணன் அன்னிக்கி ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவலன்னா நாம இன்னிக்கும் கத்திரிக்காயத்தான் ஏசிக்கிட்டு இருப்போம்."

போனேன். கூட்டத்தோடு தாமிரபரணிக் கரைவரை நடந்தேன். காரியமெல்லாம் முடிந்து ஒவ்வொருவராக ஆற்றில் இறங்கி முங்கினார்கள். நான் படித்துறையில் ஓரமாக நின்றேன். நிழலே இல்லாத இடம். வேர்த்து ஒட்டுகள் நழுவிவிடுமோ என்று வேறு பயம். துண்டை விசிறிக்கொண்டே நின்றேன். வேலாயுதத்தின் பெரியப்பா ஈரத் தலையோடு ஏறி வந்தார்.

"என்னவே, மரம் மாரி நிக்கீரு? எறங்கி ஒரு முங்கு முங்கும்."

"மருந்து ஒட்டியிருக்கு பெரியவரே. நனையக் கூடாதுன்னு..."

"என்ன மருந்தா இருந்தாலும் தலைக்குத் தண்ணி விடாம எப்படிவே போவ? பிள்ளகுட்டி இருக்குத வீட்டுக்குள்ள இப்படியேவா போவீரு?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். இதைப் பேசித் தீர்க்கிற இடமா அது. சரி, போனால் போகட்டும், நான்கு மாதம்தானே என்று சட்டைப் பொத்தானில் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் வேலாயுதம் தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்தார். மீசையும் தலைமுடியும் இல்லாமல் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. பெரியப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"பெரியப்பா, செத்தது எங்கய்யா. தீட்டு என் வீட்டுத் தீட்டு. நான் சொல்லுதேன், இவரு குளிக்க வேண்டாம். எங்கய்யா இவர ஒண்ணும் செய்ய மாட்டாவ."

வேலாயுதம் குனிந்து செம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்தார். என் காலில் ஊற்றினார். பிறகு, "கைய நீட்டும்" என்றார். நீட்டத் தயங்கினேன். அவரே என் வலது கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, விரல் விரலாகக் கழுவிவிட்டார். வெடிப்பில் தண்ணீர் பட்டு எரிந்தது. எனக்கு அழுகை வந்தது. துஷ்டிக்கு வந்த இடம் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

வீட்டு வாசலில் பிரம்மசக்தி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தாள். நாலு சொட்டு என் தலையில் தெளித்துவிட்டு, என்னைத் திருப்பி முதுகைத்தான் முதலில் பார்த்தாள். "நல்லாருக்கு, ஒண்ணும் கழலல. உள்ள வாங்க" என்றாள்.

ஜூலை 22, புதன்

ஒட்டுகளை எடுத்தார்கள். இரண்டு இடம் சிவந்து தடித்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். எனக்கு முதுகில் கண் இல்லை.

ஜூலை 24, வெள்ளி

பை.

அதுதான், வேறொன்றும் இல்லை. கத்திரிக்காயும் இல்லை, கருவாடும் இல்லை, டீசல் புகையும் இல்லை. தோலைப் பதப்படுத்தும்போது ஏதோ குரோமிய உப்புப் போடுவார்களாம். பை வியர்வையில் ஊற ஊற அது என் தோலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த உப்பு ஒட்டிய இடமும், பைத் துண்டு ஒட்டிய இடமும்தான் சிவந்தவை. டாக்டர் இரண்டு கண்ணாடிகளை வைத்து என் முதுகை எனக்கே காட்டினார்.

"பத்து வருஷமா ஒண்ணும் செய்யலயேம்மா?"

"உடம்பு பொறுத்துப் பார்த்திருக்கு. இப்ப வேண்டாம்னு சொல்லிடுச்சு. இனிமே எப்பவும் வேண்டாம்னுதான் சொல்லும். தோல் பை, தோல் செருப்பு, தோல் வார் எதுவும் உடம்புல படாமப் பார்த்துக்கோங்க. களிம்பு ரெண்டு வாரம் மட்டும். கடையில நீங்களா எந்த டியூபும் வாங்கக் கூடாது. குளிச்ச ஈரத்தோட தேங்காய் எண்ணெய் தடவுங்க."

புண்ணை மறைக்க நான் எதை அணைத்து அணைத்துப் பிடித்தேனோ, புண்ணே அதனால்தான் வந்திருக்கிறது. வாரை இறக்கிய கதையை டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். புற்றுமண் பூசியதைச் சொன்னேன். "சாமியைத் தாராளமாக் கும்பிடுங்க, புண் மேல மட்டும் எதையும் பூசாதீங்க" என்றார். நான் கும்பிட்டேன், அவரைத்தான். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூலை 25, சனி

வீட்டில் கருவாடு. வாசம் தெருமுனைக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. பிரம்மசக்தி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு நிறைந்துபோயிற்று.

சாயங்காலம் என் பழைய காக்கிப் பேண்டை வெட்டி ஒரு பை தைத்துக் கொடுத்தாள். உள்ளே இரட்டைத் துணி, சில்லறைக்குத் தனி அறை. மாட்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு மஞ்சப்பையோடு வந்தவன் போல இருந்தது. "ராஜா மாரி இருக்கிய" என்றாள். கையில் ஊசி குத்தின காயம் இருந்தது.

ஜூலை 27, திங்கள்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். துணிப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தொத்தாது என்பதையும் சொன்னேன்.

"ஒமக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. சனங்களுக்கு ஆரு போய்ச் சொல்ல? நீரு லீவுல இருக்கும்போது வண்டிக்கு வேற ஆளப் போட்டாச்சி. கொஞ்ச நாள் ஷெட்டுல இரும், பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 31, வெள்ளி

முழங்கை ஆறிவிட்டது. விரலும் ஆறுகிறது. அரிக்காமல் தூங்குவது என்ன சுகம் என்று மறந்தே போயிருந்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். ஷெட்டுக்குப் போய் எங்கள் வண்டி இன்னொருவன் விசிலுக்குக் கிளம்புவதைப் பார்த்ததும், இன்னும் ஒன்று வேண்டும் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 5, புதன்

வேலாயுதத்தின் அய்யாவுக்குப் பதினாறாம் நாள். காலையிலேயே குடும்பத்தோடு போய்விட்டோம். இலை போட்டுப் பெரிய சாப்பாடு. சுத்தமல்லிக்காரர்கள், சொந்தக்காரர்கள், ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் பந்தியில் முதலாளியை உட்கார வைத்தார்கள். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெரியப்பா.

நான் பின்பக்கம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அது கை படாத வேலை. வேலாயுதம் வந்து என் கையிலிருந்த செம்பை வாங்கி வைத்துவிட்டு, ஒரு பெரிய ஓலைப்பெட்டியைத் தந்தார். நிறைய அப்பளம்.

"இத நீரு வையும்."

"கரண்டி கெடையாதேவே. கையாலல்லா வைக்கணும்?"

"கையாலதான் வைக்கணும்" என்றார். பரிமாற இளவட்டங்கள் நாலைந்து பேர் சும்மாதான் நின்றார்கள். அப்பளத்துக்கு மட்டும் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெட்டியை என் நெஞ்சோடு தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

விரலில் வெடிப்பு இல்லை. ஆனால் ஆறிய இடமெல்லாம் வெளுத்து, புதுத்தோல் பளபளவென்று காட்டிக்கொடுக்கிறது. முதல் இலைக்குமுன் போய் நின்றேன். முதலாளி சோற்றில் குழி பறித்துச் சாம்பாரை வாங்கிக்கொண்டிருந்தார். ஓர் அப்பளத்தை எடுத்து அவர் இலை ஓரத்தில் வைத்தேன். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு அப்பளத்தைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். தூணருகே பிரம்மசக்தி சங்கரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி அப்பளத்தை எடுத்துச் சோற்றின்மேல் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்று விழுங்கிவிட்டு இடது கையை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு கையில தாரும்வே. இலையில வச்சா நமத்துப்போவுது."

பார்த்து, உடையாத ஒன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கி மொத வண்டிக்கி நீரே வந்திரும். அந்தத் துணிப்பையக் கொண்டாந்திரும்."

தலையை ஆட்டினேன். பக்கத்து இலையிலிருந்து பெரியப்பா, "எனக்கு ஆரு வைப்பா? அங்கயே நின்னா எப்படி?" என்று கையை நீட்டினார். அவருக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். அந்தப் பந்தியில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், ஒருவர் விடாமல் வைத்துக்கொண்டே போனேன்.